பருத்திக்காட்டிலிருந்து அதிபரின் ஆலோசகராக

அரசாங்கத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? நம் தெருக்களில் அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் தன் வேலையால் பதில் சொன்னவர் மேரி மெக்லியோட் பெத்யூன். கறுப்பின மக்கள் தொடர்பாக அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு ஆலோசனை சொன்ன பெண்மணி.

1875-ல் தென் கரோலினா மாநிலத்தின் மேஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 17 பிள்ளைகளில் இவர் 15-வது. சிறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். பள்ளிக்குத் தினமும் பல மைல் நடந்தார். அங்கே கற்றதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

1904-ல் புளோரிடா மாநிலத்தின் டேடோனாவில் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். கையில் இருந்தது ஒன்றரை டாலர். சேர்ந்த மாணவிகள் 5 பேர். பழைய மரப்பெட்டிகளே மேசைகள். சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் செய்து விற்றுச் செலவைச் சமாளித்தார். அந்தப் பள்ளி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது.

1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையின்றித் தவித்த இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற துறையை அமைத்தது. மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை தந்து படிப்பைத் தொடர வைப்பது அதன் பணிகளில் ஒன்று. 1936-ல் அதன் கறுப்பினப் பிரிவுக்குப் பெத்யூன் பொறுப்பேற்றார்.

வாஷிங்டனில் திட்டம் போட்டுவிட்டால் பணம் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாது என்பது அவருக்குத் தெரியும். பங்கிட்டுத் தருபவர் வெள்ளையராகவே இருந்தால் கறுப்பினப் பிள்ளைகள் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவார்கள். எனவே மாநில அலுவலகங்களிலும் கறுப்பின அதிகாரிகளை நியமிக்க வைத்தார். உயர்கல்வி படிக்கும் கறுப்பின மாணவர்களுக்கென்று தனி நிதி பெற்றார். பல துறைகளில் தனித்தனியே இருந்த கறுப்பின அலுவலர்களைத் தன் வீட்டில் கூட்டி, ஒரே குரலில் பேச வைத்தார்.

ஆனாலும் எல்லாம் நடந்துவிடவில்லை. கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடி அடித்துக் கொல்வதைத் தடுக்க மத்தியச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை, தென்மாநில செனட்டர்களின் எதிர்ப்பால் முடங்கியது. அவர்களைப் பகைத்துக்கொள்ள ரூஸ்வெல்ட்டும் தயங்கினார். அந்தச் சட்டம் வந்தது 2022-ல்தான். பெத்யூன் 1955-லேயே காலமாகிவிட்டார்.

அதே 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் புளோரிடாவின் சார்பில் அவர் சிலை வைக்கப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தளபதி ஒருவரது சிலை நீக்கப்பட்ட இடம் அது.

அதிபருக்கு அருகில் நாற்காலி கிடைத்ததை நாம் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒதுக்கிய பணம் யார் கைக்குப் போகிறது என்று அவர் விடாமல் கேட்டார். பதவிக்கு வரும் நம் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.