சூலையினும் தளராத சிவபக்தி
ஸ்ரீமத் அப்பைய தீட்சிதர் வரலாறு

உடம்பு எடுத்தார் அனைவர்க்கும் நோய் உண்டு. ஆயின் நோயுற்ற காலத்து உள்ளம் எதனைப் பற்றி நிற்கின்றது என்பதே ஒருவருடைய பக்தியை அளந்து காட்டும் உரைகல் ஆகும். செல்வமும் நலமும் சூழ்ந்திருக்கும் நாளில் சிவநாமம் நாவில் எளிதில் வரும். வயிற்றில் தீ மூண்டது போன்ற வலியினிடையே அந்நாமம் மாறாது நிற்குமாயின், அதுவே மெய்யன்பு. அத்தகைய மெய்யன்பினராய், மனைவி மக்களோடு இல்லறத்தில் இருந்து, தீராப் பிணியைத் தாங்கி, சிவபரத்துவத்தை நாடெங்கும் நிலைநாட்டியவர் ஸ்ரீமத் அப்பைய தீட்சிதர் ஆவர்.

ஆற்காட்டினின்று திமிரி வழியாக ஆரணிக்குச் செல்வோர்க்கு அடையபலம் அயல் நாட்டு ஊர் அன்று. ஆரணியை அடுத்துள்ள அச்சிற்றூரிலே, 1520ஆம் ஆண்டளவில், தீட்சிதர் தோன்றினார். இவர்தம் பாட்டனார் ஆச்சான் தீட்சிதர் கிருஷ்ணதேவராயரால் மதிக்கப்பெற்ற பெரும்புலவர். தந்தையார் ரங்கராஜ தீட்சிதர் வேதாந்தத்தில் வல்லவர். அத்தந்தையாரே ஆசிரியராய் அமைய, இளமையிலேயே வேதமும் சாத்திரங்களும் இவருக்குக் கைவந்தன.

வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் இவருடைய அருமையை உணர்ந்து போற்றினார். ஸ்ரீகண்ட சிவாசாரியார் பிரம சூத்திரத்துக்கு இயற்றிய சைவ பாடியம், அந்நாளில் கற்பாரும் கற்பிப்பாரும் அருகி மறைந்து கிடந்தது. அதற்குத் தீட்சிதர் சிவார்க்கமணி தீபிகை என்னும் விரிவுரை வகுத்தார். அது கண்டு மகிழ்ந்த நாயக்கர் அவருக்குக் கனகாபிடேகம் செய்தார். ஐந்நூறு வித்துவான்களுக்கு அந்நூல் பாடம் சொல்லப்பெற்றது. அடையபலத்தில் காலகண்டேசுவரப் பெருமானுக்குத் தீட்சிதர் திருக்கோயில் எடுத்தார். சகம் 1504, அதாவது கி.பி. 1582ஆம் ஆண்டுக்குரிய அக்கோயில் கல்வெட்டு இச்செய்திகளுக்குச் சான்றாக நிற்கின்றது. அவர் நூறு நூல்கள் இயற்றியவர் என்பதும் அதனால் விளங்கும். தலையில் சொரியப்பெற்ற பொன்னைத் தமக்கென்று வையாது, கல்விக்கும் கோயிலுக்கும் ஆக்கிய அவர் செயல், செல்வம் படைத்தார் யாவரும் சிந்தித்தற்குரியது.

இத்துணைப் புகழுக்கும் நடுவே, அவர் உடம்பை நெடுங்காலம் சூலை நோய் வருத்திற்று என்று பெரியோர் வழிவழியாகக் கூறுவர். நோய் மிகும்போது அமர்ந்திருத்தலும் அரிதாகும். அந்நிலையில் சிவபூசைக்கோ தியானத்துக்கோ அமர வேண்டி வந்தால், மந்திர வலிமையால் அந்நோயைத் தம் அருகிருந்த மேலாடையில் சிறிது நேரம் நிறுத்தி வைப்பாராம். பூசை முடியும் அளவும் அவ்வாடை துள்ளித் துடித்துக் கொண்டிருக்கும். பூசை முடிந்ததும் நோயை மீண்டும் தம் உடம்பிலேயே ஏற்றுக் கொள்வாராம்.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒரு நாழிகை நீக்க வல்லவர் முற்றும் நீக்கிக் கொள்ளாதது என்னை? நுகர்ந்து கழிக்க வேண்டிய பிராரத்த வினையை நுகராது ஒதுக்கினால், அதன் பொருட்டு இன்னுமொரு பிறவி எடுக்க நேரும். கடன் கொடுத்தவன் வாயிலில் வந்து நிற்கும்போது, பூசை முடியும் வரை பொறுத்திரு என்று கேட்கலாம். கடனே இல்லை என்று சொல்லுதல் நேர்மையாகாது. இதனைத் தெளிந்தமையால், பெருமான் திருமுன் இருத்தற்கு வேண்டும் பொழுதை மட்டும் கேட்டுப் பெற்று, எஞ்சிய பொழுதெல்லாம் வலியைத் தமக்கு உரியதாகவே ஏற்றார். திருநாவுக்கரசு சுவாமிகளுக்குத் திருவதிகைப் பெருமான் சூலையைத் தீர்த்து ஆட்கொண்டான். தீட்சிதருக்கோ சூலையைத் தீர்க்காமலே ஆட்கொண்டான். இரண்டும் ஒரே திருவருளின் செயலே என்க.

ஆயினும் அவர் உள்ளத்தை வாட்டிய அச்சம் ஒன்று இருந்தது. அது மரணத்தைப் பற்றியதன்று. அறிவு கலங்கும் வேளையிலும் தம் மனம் சிவனை விடாது நிற்குமோ என்பதே அவ்வச்சம். அதனை ஆராய்ந்தறிய, ஊமத்தைச் சாற்றை உட்கொண்டு, மயக்கத்தில் தாம் கூறுவன யாவற்றையும் எழுதி வைக்குமாறு மாணாக்கருக்குக் கட்டளையிட்டார் என்ப. மயக்கம் தெளிந்தபின் ஏட்டை நோக்க, அதில் இருந்தவை ஐம்பது சுலோகங்கள். அவை அனைத்தும் தம்மைச் சிவனுக்கே அடைக்கலமாக ஒப்புவிப்பன. ஆத்மார்ப்பண ஸ்துதி என்னும் பெயரால் அன்பர்கள் பாராயணம் செய்வது அந்நூலே. அறிவு தன்வசமிழந்த இடத்திலும் அன்பு தன்வசம் இழக்கவில்லை என்பதை அவ்வேடு காட்டிற்று.

நோயாளர் பலர் தம்மைச் சூழ்ந்தாரிடம் கடுமை காட்டுவதும் பிறரை மறப்பதும் உலகியல்பு. தீட்சிதரிடம் அது காணப்படவில்லை. அவர் துறவு பூணவில்லை. மனைவியாரோடும் மக்களோடும் இல்லறத்திலே இருந்தார். புதல்வர் பதினொருவர் என்பது மரபு. தம்பியார் ஆச்சான் தீட்சிதரின் பேரரான நீலகண்ட தீட்சிதரிடம் அவருக்குத் தனி அன்பு இருந்தது. பின்னாளில் மதுரைத் திருமலை நாயக்கரின் அமைச்சராய் விளங்கிய பெரும்புலவர் அவரே. சிவபரத்துவத்தை நிலைநாட்டிய தீட்சிதர் பிற தெய்வங்களிடத்தும் பகைமை கொள்ளவில்லை. காஞ்சி வரதராசப் பெருமாள்மீது துதி இயற்றினார். வேதாந்த தேசிகரின் யாதவாப்யுதயத்துக்கும் உரை வரைந்தார். வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்து எழுந்தருளியுள்ள மார்க்கபந்து மூர்த்தியின்மீது அவர் பாடிய தோத்திரத்தை, வழிச்செல்வோர் ஓதிப் புறப்படுதல் இந்நாட்டு வழக்கம். நோயுடம்போடு வாழ்க்கை வழியைக் கடந்தவருக்கு, வழித்துணைவனாகிய அப்பெருமானே உற்ற துணையாய் விளங்கினான்.

எழுபதாண்டு கடந்த முதுமையில் தீட்சிதர் தில்லையை அடைந்தார். 1593ஆம் ஆண்டளவில், மக்கள் சூழ்ந்திருக்க, ஆனந்தக் கூத்தன் திருவடியைச் சிந்தித்தபடியே சிவபதம் எய்தினார் என்பர். வாழ்நாள் முழுதும் அஞ்சிய அவ்வேளையில் அவர் மனம் வழுவவில்லை.

திருக்குடமுழுக்கைத் தரிசிக்க வரும் அன்பருள் நோயினால் வருந்துவார் பலர் இருப்பர். பிணி தீர வேண்டுமென வேண்டுதல் குற்றமன்று. மருந்து உண்ணுதலும் கடமையே. அதனோடு, தீரும் வரையிலும், ஒருகால் தீராதொழியினும், திருவடி மறவாமையையும் வேண்டுதல் வேண்டும். கோயிலுக்குப் பொருள் ஈந்தவர்க்கும் உடலால் தொண்டு செய்தவர்க்கும், ஒன்றும் இயலாது படுக்கையில் இருந்தே கோபுரத் திசை நோக்கிக் கைகுவிப்பவர்க்கும், தீட்சிதருக்கு அருளிய பெருமான் அம்மறவாமையைத் தந்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.