நடக்காமலே நடத்திக் காட்டியவர்

காலையில் எழுந்ததும் நாமே பாயைச் சுருட்டுகிறோம், நாமே குளிக்கிறோம், தலை பின்னிப் பள்ளிக்கு ஓடி வருகிறோம். பிறர் துணையின்றி இவற்றைச் செய்வது எத்துணை பெரிய வரம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரத்தை ஒரே நாளில் இழந்து, அரும்பாடுபட்டு மீட்டு, பின்னர் அதையே பிறருக்கு வாரி வழங்கிய ஒரு பெண்மணியின் வரலாறு இது. அவர்தாம் டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளத்தில் கொச்சிக்கு அருகிலுள்ள செறாயில் 1925ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்று ஏழைத் தாய்மாருக்குத் தொண்டு செய்வதே அவருடைய கனவு.

1954ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் உடன் பணிபுரிந்தவர்களோடு அவர் சென்ற வண்டி சாலையில் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழ்ந்த காயம். அதனினும் கொடியது, முதுகெலும்பினுள் செல்லும் தண்டுவடம் சிதைந்துவிட்டது. மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் எடுத்துச் செல்லும் பாதை அது. அறுந்த தண்டுவடம் எலும்பைப் போல் மீண்டும் கூடுவதில்லை. மேரியின் கால்கள் அசைவும் உணர்வும் இழந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

நடக்க இயலாத மருத்துவரால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்வி அவரை இரவும் பகலும் வாட்டியது. அதற்கு வழி காட்டியவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கிப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட். கால்கள் போனாலும் கைகளும் கண்களும் கற்ற கல்வியும் அப்படியே இருப்பதை அவர் மேரிக்கு உணர்த்தினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். சமுதாயம் ஒதுக்கி வைத்த அந்நோயாளிகள், தம்மினும் பெரிய ஊனமுற்ற ஒருவர் தம் கைகளைச் சீராக்குவதைக் கண்டு புதிய நம்பிக்கை பெற்றனர்.

எனினும் அன்றாட வாழ்வில் பிறர் கையை எதிர்பார்த்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்ளும் பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் அத்துறையையே முறையாகக் கற்றார். அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் வேலூருக்கே திரும்பி, உடலியக்க மருத்துவம், மறுவாழ்வு ஆகியவற்றுக்கான துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966ஆம் ஆண்டு அங்கே உருவாயிற்று. இந்தியாவில் இத்தகைய முயற்சிகளுக்கு அது முன்னோடி.

நம் நாட்டில் மரத்திலிருந்து விழுந்தும் சாலை விபத்திலும் தண்டுவடம் முறிந்தோர் பலர். முன்னாளில் அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீரக நோயுமே. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாய் அழுந்திக் கிடந்தால் தோல் அழுகிப் புண்ணாகும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் அதைப் பெரும்பாலும் தடுக்கலாம். உயிர் பிழைத்தபின் பயிற்சி தொடங்குகிறது. தோள்களையும் கைகளையும் வலுப்படுத்த வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறக் கற்க வேண்டும். ஆடை உடுத்தவும், உடலைப் பேணவும், இயன்றவர் காலணைகளும் ஊன்றுகோல்களும் கொண்டு நிற்கவும் பழக வேண்டும். வீட்டாரும் பயில வேண்டும். வாசற்படியையும் கழிப்பிடத்தையும் மாற்றியமைக்க வேண்டும். இறுதியாக, பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்ததே மறுவாழ்வு. இப்பாதையில் நோயாளிகளை நடத்திய தலைவியோ, அதன் ஒவ்வோர் அடியையும் தம் உடலால் அறிந்தவர்.

1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் ஏற்றிய விளக்கு இன்றும் வேலூரில் எரிகிறது.

முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சியை நற்செய்தியில் நாம் கேட்டிருக்கிறோம். டாக்டர் மேரி அக்கட்டிலில் கிடந்தவர். பின்னர் கட்டிலைச் சுமந்தவருள் ஒருவராகவும் ஆனார். அவருடைய கால்கள் குணமாகவில்லை. எனினும் அவர் வாழ்வு முடங்கவில்லை.

அன்புத் தங்கையரே! ஊனமுற்றோரைக் கண்டால் உச்சுக் கொட்டுவது எளிது. அவருக்காக எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதும் எளிது. ஆனால் அது அவரிடம் எஞ்சியுள்ள திறமையையும் பறித்துவிடும். இனிச் சக்கர நாற்காலியில் ஒருவரைக் கண்டால், அதைத் தள்ளுமுன் அவரிடம் கேளுங்கள். அவர் தாமே செய்ய விரும்பினால், பொறுமையோடு அருகில் நில்லுங்கள். அப்படிக் காத்து நிற்பதும் ஓர் அன்புப் பணியே. டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.