கிளாரா லெம்லிச்

கிளாரா லெம்லிச் சவெல்சன் (மார்ச் 28, 1886 - ஜூலை 12, 1982) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழிற்சங்கவாதியும், பெண்கள் வாக்குரிமைப் போராளியும், இடதுசாரி யூத சமூக இயக்கச் செயற்பாட்டாளரும் ஆவார். 1909 ஆம் ஆண்டின் நியூயார்க் ஆடைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தவர் என்ற அளவிலேயே பெரும்பாலான நூல்கள் இவரைக் குறிப்பிடுகின்றன. அப்போது இவருக்கு வயது 23. அதன் பின்னர் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த இவரின் பிற்காலப் பணிகள், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவை, போதிய அளவு அறியப்படவில்லை.

இளமைக் காலம்

உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்த உக்ரைனின் கோரோதோக் என்னும் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இவரது தாய்மொழி இத்திய மொழி. ஊர்ப் பள்ளியில் யூதப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால் இவரது தந்தை உருசிய நூல்கள் வீட்டிற்குள் வருவதையே தடை செய்திருந்தார். சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்தும், எழுதத் தெரியாத தாய்மார்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் கிடைத்த காசில் இவர் மறைவாக நூல்களை வாங்கிப் படித்தார். 1903 இல் கிசினேவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து குடும்பம் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தது.

1909 வேலைநிறுத்தம்

ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த லெம்லிச், பன்னாட்டுப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் 25 ஆம் கிளையை நிறுவியவர்களுள் ஒருவர். 1909 இல் ஒரு மறியலின்போது கூலிக்கு அமர்த்தப்பட்ட அடியாட்களால் தாக்கப்பட்டு விலா எலும்புகள் முறிந்தன. அவ்வாண்டு நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் பலர் நெடுநேரம் பேசி முடிவேதும் எட்டப்படாத நிலையில், இவர் மேடையேறி இத்திய மொழியில் சில சொற்களே பேசிப் பொது வேலைநிறுத்தத்தை முன்மொழிந்தார். 20,000 பேருக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் இளம் பெண்கள். 1910 பெப்ரவரியில் பெரும்பாலான தொழிற்சாலைகள் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒப்பந்தத்திற்கு இணங்காத டிரையாங்கிள் நிறுவனத்தில் 1911 மார்ச் 25 அன்று ஏற்பட்ட தீயில் 146 தொழிலாளர்கள் இறந்தனர்.

லெம்லிச் முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். 1913 இல் அச்சுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஜோ சவெல்சனை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

இல்லத்தரசிகள் இயக்கம்

1926 இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். ஊதியம் எவ்வளவு உயர்ந்தாலும், வாடகையும் இறைச்சி விலையும் உயர்ந்தால் தொழிலாளர் குடும்பத்திற்குப் பயனில்லை என்பது இவரது நிலைப்பாடு. எனவே தொழிற்சாலைக்கு வெளியே இருந்த இல்லத்தரசிகளையும் தொழிலாளர்களாகவே கருதி அணிதிரட்டினார். 1935 இல் இவ்வியக்கம் நடத்திய இறைச்சிப் புறக்கணிப்பால் நியூயார்க்கில் 4,000 க்கும் மேற்பட்ட இறைச்சிக் கடைகள் மூடப்பட்டன. கணவர் நோயுற்றதால் 1944 இல் இவர் மீண்டும் தையல் வேலைக்குத் திரும்பினார்.

போருக்குப் பிந்திய பணிகள்

பன்னாட்டுத் தொழிலாளர் ஒழுங்கு என்ற அமைப்பு 1930 இல் தொடங்கப்பட்ட ஒரு காப்புறுதிக் கூட்டமைப்பாகும். கறுப்பினத்தவர் உட்பட அனைவருக்கும் ஒரே கட்டணத்தில் இது ஆயுள் காப்புறுதி வழங்கியது. இதன் யூதப் பிரிவு இத்திய மொழிப் பள்ளிகளையும் நடத்தி வந்தது. இப்பிரிவினுள் 1944 இல் அமைந்த பெண்கள் அணிக்குக் கவிஞர் எம்மா லாசரசின் பெயர் இடப்பட்டது. விடுதலைச் சிலையின் அடித்தளத்தில் உள்ள கவிதையை எழுதியவர் இவரே. லெம்லிச் இவ்வணியில் தீவிரமாகப் பணியாற்றினார்.

1947 இல் ஐக்கிய அமெரிக்க அரசு தாய் அமைப்பை நாட்டுக்கு எதிரான அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அதன் பின்னர் நியூயார்க் மாநிலக் காப்புறுதித் துறை அதனைக் கலைக்க வழக்குத் தொடுத்தது. அமைப்பின் நிதிநிலையில் குறையேதும் இல்லை. அதன் அரசியல் சார்பே உறுப்பினர்களுக்கு இடர் என்று வாதிடப்பட்டது. காப்புறுதிச் சட்டம் இவ்வாறு பயன்படுத்தப்பட்டது வியப்புக்குரியது. 1954 க்குள் அமைப்பு கலைக்கப்பட்டது. எனினும் பெண்கள் அணி 1951 இலேயே பிரிந்து எம்மா லாசரஸ் யூதப் பெண்கள் கழகங்களின் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பாகிவிட்டதால் தப்பியது. இது 1989 வரை இயங்கியது.

யூத எதிர்ப்பும் கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறையும் வேறு வேறல்ல என்ற கருத்தில், கூட்டமைப்பு கறுப்பினப் பெண்களின் உரிமை அமைப்பான சோஜர்னர்சு உடன் இணைந்து செயற்பட்டது. அணு ஆயுதங்களை எதிர்த்தது. 1948 இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய இனப்படுகொலை உடன்படிக்கையை ஐக்கிய அமெரிக்கா ஏற்க வேண்டும் என்றும் பரப்புரை செய்தது. இந்த ஏற்பு 1988 இல்தான் கிடைத்தது. அப்போது லெம்லிச் உயிருடன் இல்லை.

1951 இல் சோவியத் ஒன்றியம் சென்று திரும்பிய பின் லெம்லிச்சின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கணவரும் காலமானார். குடும்பத்தினர் நீண்டகாலம் அரசின் கண்காணிப்பில் இருந்தனர். ரோசன்பர்க் இணையருக்கு 1953 இல் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையை இவர் கண்டித்தார். 1954 இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, தாம் வளர்த்த சங்கத்திடமே ஓய்வூதியத்திற்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. சங்கத் தலைமை அக்காலத்தில் கடும் பொதுவுடைமை எதிர்ப்பு நிலையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இவரது வாழ்வில் விளக்கக் கடினமான பகுதியும் உண்டு. 1952 ஆகஸ்டில் மாஸ்கோவில் இத்திய மொழி எழுத்தாளர்கள் உள்ளிட்ட 13 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1956 இல் வார்சாவாவில் வெளியான இத்திய மொழி நாளிதழ் ஒன்று இதனை வெளிப்படுத்தியபோது யூத இடதுசாரிகள் பலர் கட்சியை விட்டு விலகினர். லெம்லிச் விலகவில்லை. தம் தாய்மொழியின் படைப்பாளிகளை அழித்த அரசின்பால் இவர் கொண்டிருந்த பற்றை, இவரைப் போற்றுவோரும் கேள்விக்கு உள்ளாக்க வேண்டியுள்ளது.

இறுதிக் காலம்

1960 இல் தொழிற்சங்க இயக்கத்தில் பழைய நண்பரான ஏப் கோல்ட்மனை மறுமணம் செய்துகொண்டார். 1967 இல் அவர் இறந்த பின் லாஸ் ஏஞ்சலசில் உள்ள யூத முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். செசார் சாவேசு தலைமையிலான பண்ணைத் தொழிலாளர்கள் திராட்சையையும் லெட்டியூசுக் கீரையையும் புறக்கணிக்குமாறு கோரியபோது, இல்ல நிருவாகத்தை அதற்கு இணங்கச் செய்தார். அங்குப் பணிபுரிந்த உதவியாளர்கள் சங்கம் அமைக்கவும் உதவினார். 1982 ஜூலை 12 அன்று தமது 96 ஆவது வயதில் காலமானார்.