செபமாலை அணிந்த இரவலர்

வீரம் என்றதும் வாளும் வேலும் நம் நினைவில் எழுகின்றன. தமிழ் கற்பிப்போர்க்கு இது தவிர்க்க முடியாத பழக்கம். புறத்திணையில் ஊறிய மனம் போர்க்களத்தையே நாடும். ஆனால் தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களன் கூறுமிடத்துத் தறுகண்மையோடு கல்வியையும் புகழையும் கொடையையும் ஒருங்கு வைத்தார். கத்தோலிக்க திருச்சபையும் ஒருவரைப் புனிதராக உயர்த்துமுன், அவர் நற்பண்புகளை வீர அளவிற் கைக்கொண்டாரா என்று ஆராய்கின்றது. அங்கே வீரம் என்பது ஒருநாட் செயலன்று. நாள்தோறும் வழுவாது நின்ற நிலை. ஈழநாட்டிலே இவ்வளவைக்கு முற்றும் பொருந்தியவராக நான் கருதுபவர் யோசேவ் வாஸ் அடிகள்.

அவர் தமிழரல்லர். கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கொங்கணிக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1676இல் குருவானார். கன்னடக் கரையோரத்திற் சில ஆண்டுகள் தொண்டாற்றி மீண்டு, பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிக் கோவாக் குருமார் சிலர் தொடங்கிய சபையிற் சேர்ந்தார். இவ்வளவும் பல குருமார் வரலாற்றிற் காணக்கூடியனவே. அவர் வந்து சேர்ந்த யாழ்ப்பாணம் எந்நிலையில் இருந்தது என்பதையே நாம் முதலில் அறிதல் வேண்டும்.

எங்கள் அச்சுவேலியை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வூர் ஒரு கோவிற்பற்றாக இருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டதும் கோவில்களும் அவற்றோடிணைந்த பள்ளிகளும் அவர்களுடைய சீர்திருத்தச் சபைக்கு உரியவாயின. ஒல்லாந்தப் போதகர் பல்தேயுஸ் எழுதிய நூலில் இவ்வூர்க் கோவிலும் பேசப்படுகின்றது. கத்தோலிக்க குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பது கொடுங்குற்றமாயிற்று. விவாகமும் பிள்ளைகளின் திருமுழுக்கும் ஒல்லாந்தக் கோவிற் பதிவேட்டில் ஏறவேண்டும். ஏறாவிடின் முதுசம் கேட்பதற்கு வழியில்லை. சைவர் நிலையும் இதனினும் நன்றாக இருக்கவில்லை. விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

குருவில்லாத கத்தோலிக்கருக்குப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அந்திம காலத்து எண்ணெய்ப் பூசுதலுமில்லை. எஞ்சியது செபம் ஒன்றே. அதிலும் செபமாலைக்கு ஒரு தனி வசதி உண்டு. எழுத்தறியாதோர் தாவீதரசரின் 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 மங்கள வார்த்தைச் செபங்களைச் சொல்லிவந்த ஐரோப்பிய வழக்கத்தின் வழியே வளர்ந்தது அது. அதற்கு ஏடு வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை. இருட்டிலே விரல்கள் மணியை எண்ண, உதடுகள் மெல்ல அசைந்தாற் போதும். பகலில் ஒல்லாந்தக் கோவிலுக்குப் போய்வந்தவர்களும் இரவில் கதவடைத்து அதனைச் சொல்லிப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். ஒருவருக்கும் தெரியாமல், புகழையும் எதிர்பாராமல் 29 ஆண்டுகள் இது நடந்தது. களத்தில் ஒருநாள் நிற்பதினும் இது எளிதென்று சொல்ல என்னால் இயலவில்லை.

1687இல் அடிகள் யோவான் என்னும் பணியாளரோடு தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து வந்தார். குருவென்று அறிந்தாற் பிடிப்பார்கள். ஆதலால் கந்தலுடுத்து இரவலராக வந்தார். பசியும் வயிற்றுளைவும் அவரை வீழ்த்தின. ஊரொதுக்கில் ஒரு குடிலிற் கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொடுத்து உயிர் தந்தாள். அவள் பெயர் வரலாற்றில் இல்லை. அவளுக்குத் தாம் யாருயிரைக் காத்தோம் என்பதும் தெரிந்திராது.

எழுந்து நடமாடியதும் அவர் செய்த செயல் கூரிய மதியைக் காட்டுவது. கழுத்திலே செபமாலையை வெளிப்பட அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். கையில் விழும் அரிசியைவிட வீட்டாரின் கண்ணையே அவர் நோக்கினார். செபமாலை என்னும் சொல் சைவருக்கும் உரியது. உருத்திராக்கம் பூண்ட பரதேசிகள் அலைந்து திரிந்த நாட்டில் மணிமாலை அணிந்த ஓர் ஆண்டியை எவரும் வியந்து பார்த்திரார். அம்மாலையின் நுனியிலுள்ள சிலுவையை உணர்ந்தவர் முகமே மாறும். அவர் தேடியதும் அம்மாற்றத்தையே என்பது என் துணிபு.

அவ்வாறு ஒரு குடும்பம் அகப்பட்டது. அதன் வழியாகப் பல குடும்பங்கள். பின்னர் சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவிற் பூசை செய்தார். விடியுமுன் வேறு ஊருக்கு நடந்தார். நத்தார் இரவொன்றில் ஒல்லாந்தர் வீரர் வழிபாட்டிலிருந்தோரைச் சூழ்ந்து பிடித்தனர். அடிகள் தப்பினார், பிடிபட்டவருள் ஒருவர் கசையடியால் உயிர் நீத்தார். தாம் தங்கினால் மக்களுக்கு மேலும் இடர் வரும் என்று கண்டு, 1690இல் கண்டியரசுக்கு உட்பட்ட புத்தளத்துக்குப் பெயர்ந்தார்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றரென்று சிறையிடப்பட்டார். சிறையிலிருந்தே சிங்களம் கற்றார். 1696இல் மழையின்றி நாடு வாடியபோது வெளியிலே பலிபீடம் அமைத்து முழந்தாளிட்டு மன்றாடினார் என்றும், மழை கொட்டியும் அவரிருந்த இடம் நனையவில்லை என்றும் மரபுரை கூறும். நம்புவோர் நம்புக. என் உள்ளத்தைத் தொடுவது அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. வைசூரி பரவ, இரண்டாம் விமலதர்மசூரியன் தலைநகர் நீங்கினான். உற்றாரே நோயாளரைக் காட்டில் விட்டகன்றனர். அடிகளும் அவர் மருகராகிய கார்வாலோ என்னும் குருவும் சாதி சமயம் பாராது அவர்களைக் கழுவினர், ஊட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். மாதக் கணக்காக நீண்ட அப்பணியின் நடுவே நாட்செபமும் தவறவில்லை. நோயாளர் அருகிருந்து செபித்ததையும் அவர் புண் கழுவியதையும் இரு வேறு தொழிலாகப் பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனப் பிரகடனம் செய்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாம் அற்புதம் அவர்பொருட்டுக் கேட்கப்படவில்லை.

தம்மைத் தொடர்ந்து வந்த கோவாக் குருமார் மிகச் சிலர் என்பதை அடிகள் அறிவார். ஆண்டுக்கு ஒருமுறை குரு வருவதே அரிதான ஊர்களில் மூப்பர்களை ஏற்படுத்தி, ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தார். அவர்க்குப் பின் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் அச்செபக் கூட்டங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் கொடுத்தார். நம் உரைநடை வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. எம்மூரில் வளர்ந்த நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் இலங்கைக் கத்தோலிக்கரின் பழைய வரலாற்றை ஆராய்ந்து எழுதியவராதலின், இப்பெயர்கள் அச்சுவேலியாருக்கு அந்நியமல்ல.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அடிகள் கண்டியிற் காலமானார். அவரை அடக்கிய கோவில் பின்னர் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்னதென்று காட்டுவார் இல்லை. கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை ஆங்கில அரசு 1806இல் நீக்கிற்று. இடையில் நின்ற 95 ஆண்டுகளும் கோவாக் குருமார் கால்நடையாக வந்து போயினர். அவர்கள் வராத ஞாயிறுகளில் மூப்பர் செபத்தைத் தொடங்க ஊரார் விடை சொன்னார்கள்.