தம் உடலிலேயே நோயை ஏற்றுக்கொண்ட மாணவர்



தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 5-ம் தேதியை மருத்துவ தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று அவர்கள் நினைவுகூருவது பட்டம் பெற்ற பெரிய வைத்தியர் ஒருவரை அல்ல. படிப்பு முடியுமுன்னே 28-ம் வயதில் இறந்துபோன ஒரு மாணவரை. அவர் பெயர் தானியேல் கரியோன்.

1857-ல், ஆண்டிஸ் மலைமீது செர்ரோ தெ பாஸ்கோ என்னும் சுரங்க ஊரில் பிறந்தவர் அவர். லீமா நகருக்கு வந்து சான் மார்க்கோஸ் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார்.

அக்காலத்தில் பெருவின் மலைப் பள்ளத்தாக்குகளில் இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்றில் தேகத்தில் இரத்தம் கசியும் சிவந்த மருக்கள் கிளம்பும். ஆயினும் நோயாளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மற்றது கொடிய காய்ச்சல். இரத்தம் குன்றி, மேனி வெளிறி, சில வாரங்களில் உயிர் போய்விடும். 1870-ல் லீமாவிலிருந்து லா ஒரோயா என்னும் ஊருக்கு இருப்புப்பாதை போடத் தொடங்கினார்கள். அவ்வேலைக்குச் சென்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதனால் அதற்கு ஒரோயா காய்ச்சல் என்றே பெயராயிற்று.

இவ்விரண்டும் ஒரே வியாதியா, வெவ்வேறா? வைத்தியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. கரியோன் மரு நோயாளிகளின் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதி வந்தார். ஆனால், மரு தோன்றுமுன் வியாதி எவ்விதம் ஆரம்பிக்கிறது என்பது மட்டும் அவருக்குத் துலங்கவில்லை. அதை அறிய வேண்டுமானால் நலமாயிருக்கும் ஒருவருக்கு வியாதியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது? வேறொருவரைத் தேட அவருக்கு மனம் வரவில்லை.

1885 ஆகஸ்ட் 27-ம் தேதி, லீமாவின் தோஸ் தெ மாயோ ஆஸ்பத்திரியில், ஒரு சிறுவனின் மருவிலிருந்து எடுத்த இரத்தத்தைத் தம் கைகளில் ஏற்றிக்கொண்டார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. சாவைத் தேடி அவர் இதைச் செய்யவில்லை. மரு நோய் ஆளைக் கொல்லாது என்றே நம்பினார்.

மூன்று வாரம் சென்றது. மருவுக்குப் பதிலாகக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தன, இரத்தம் குன்றிற்று. அது ஒரோயா காய்ச்சலே! இரண்டும் ஒன்றே என்று அவர் அறிந்துகொண்டார். செப்டம்பர் 26 வரை தம் நோயின் குறிகளைத் தம் கையாலேயே எழுதினார். அதன்பின் அப்பணியைத் தோழர்களிடம் ஒப்புவித்தார். அக்டோபர் 5-ம் தேதி இரவு காலமானார்.

அவர் கண்ட உண்மை எளிதில் நிலைபெறவில்லை. 1905-ல் பார்ட்டன் என்னும் பெரு நாட்டு வைத்தியர், காய்ச்சல்காரரின் இரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1913-ல் ஹார்வர்டிலிருந்து வந்த அறிஞர் குழுவோ, இரண்டும் வேறு வியாதிகள் என்று தவறாக முடிவுகட்டியது. 1926-ல் நொகுச்சி என்பவர் காய்ச்சல்காரரின் இரத்தத்திலிருந்து பிரித்த கிருமியைக் குரங்குகளுக்கு ஏற்ற, அவற்றுக்கு மருக்கள் கிளம்பின. அந்த மாணவர் சொன்னதே மெய்யாயிற்று. இக்கிருமியை ஒருவகை மணல் ஈ பரப்புகிறது என்பதும், தக்க மருந்தால் நோயைக் குணமாக்கலாம் என்பதும் இன்று தெரிந்த விஷயம். வியாதிக்கும் கரியோனின் பெயரே வழங்குகிறது.

அன்பானவர்களே, அவர் செய்த பரிசோதனையை நாம் செய்ய வேண்டியதில்லை. யாரும் செய்யவும் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர், காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். உண்மையைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை காணவே ஒருவர் தம் உயிரைக் கொடுத்தார்.