வள்ளல் சீதக்காதி: டச்சுக்காரர் கடலில் ஒரு கீழக்கரை வியாபாரி



நம் பக்கத்தில் ஒருவர் செல்போன் கடை வைத்து நன்றாக ஓடிவிட்டால் போதும், ஆறே மாதத்தில் அதே தெருவில் இன்னும் மூன்று கடைகள் வந்துவிடும். பிறகு நால்வரும் போட்டிக்கு விலையைக் குறைத்து, நால்வரும் கடனில் நிற்பார்கள். அடுத்தவர் செய்வதையே செய்யாமல் வியாபாரம் நடத்த வழி உண்டா? உச்சிப்புளியில் இருக்கும் நாம் அதற்குத் தூரம் போக வேண்டாம். கீழக்கரையில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், அதாவது வள்ளல் சீதக்காதி அவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

அவர்கள் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டில். 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரை விரட்டி தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள். 1663இல் கொச்சியும் அவர்கள் கைக்குப் போனது. அவர்களின் வியாபார முறை ஒன்றுதான்: விற்பவன் எங்களிடம் மட்டுமே விற்க வேண்டும், கடலில் போகிறவன் எங்கள் அனுமதிச் சீட்டோடு போக வேண்டும். பின்னால் பீரங்கி நின்றது.

சீதக்காதி அவர்களிடம் பீரங்கிக் கப்பல் இல்லை. அந்த வழியில் போட்டி போட்டிருந்தால் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது. அவர்களிடம் இருந்தது வேறு. பாம்பன் கால்வாயின் ஆழமில்லாத நீரில் பெரிய கப்பல் நுழையாது. நம் ஆட்களின் தோணி நுழையும். அரிசி, மிளகு, துணி, சங்கு என்று பல சரக்கு கைவசம் இருந்ததால், ஒன்றை அடைத்தாலும் இன்னொன்று ஓடும். 1680களில் சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் மிளகுக்காக இவர்களோடு பேச்சு நடத்தினார்கள். ஒரே ஒருவரிடம்தான் விற்க வேண்டும் என்று நெருக்கப்பட்ட கரையில் இரண்டாவதாக ஒருவர் வாங்க வந்தால், விற்பவனுக்குப் பேரம் பேச வாய் வருகிறது. டச்சுக்காரர்களின் ஆவணங்களில் பெரிய தம்பி மரைக்காயர் என்ற பெயர் எரிச்சலோடு வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருக்கம் அவர்களுக்குப் பெரிய பலம். மன்னர் தம் பட்டப்பெயரான விஜய ரகுநாத என்பதையே அவர்களுக்குக் கொடுத்தார். அந்த அளவு நம்பிக்கை ஒரு நாளில் வந்திருக்காது.

பஞ்சம் வந்தால் அரிசியைப் பதுக்கி வைப்பது வியாபாரிக்கு மிக எளிதான லாபம். பதுக்குபவன் பாவி என்று நம் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சீதக்காதி அவர்களிடம் கிட்டங்கி நிறைய அரிசி இருந்தது. பஞ்சத்தில் அதைத் திறந்து பசித்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்றுதான் இந்தக் கரை அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. இறந்த பின்னும் கொடுத்தார் என்ற பழமொழிக்குப் பின்னால் உள்ள கப்ரு கதையை நம்புவதும் விடுவதும் வேறு விஷயம். அப்படி ஒரு கதை எந்த டச்சுத் தளபதியைப் பற்றியும் இங்கே பிறக்கவில்லை.

சம்பாதித்ததில் ஒரு பங்கு எழுத்துக்கும் போனது. உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடச் சொல்லி ஆதரித்தவர்கள் இவர்களே. புலவருக்கு வரலாறு தெரிய வேண்டும் என்று மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் அனுப்பினார்கள். நூல் முடியும் முன்பே வள்ளல் வஃபாத்தாகிவிட்டார்கள். மீதிக்கான செலவைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்ற இன்னொரு வியாபாரி ஏற்றுக்கொண்டார்.