உடல் 95 விழுக்காடு பழுது எனச் சான்று. மீண்டும் களமிறங்கிய ரக்பி லீக் வீரர் டக்ளஸ் கிளார்க்

கோலார் தங்கவயல்: உழைப்பாளியின் உடலில் எத்தனை விழுக்காடு போய்விட்டது என்று எண்ணால் எழுதித் தரும் தாள், தங்கவயலின் சுரங்கக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1947-ஆம் ஆண்டு ஆய்வறிக்கையில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், உழைக்கும் திறனில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே தொகையைத் தீர்மானிக்கும். அந்த எண்ணுக்காக வாதாடியவர்கள் உண்டு. அந்த எண்ணோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறிச் சொந்த ஊர் திரும்பியவர்களும் உண்டு.

அத்தகைய ஒரு தாள், முதல் உலகப் போரில் காயமுற்ற ஆங்கிலேயர் ஒருவர் கைக்கும் வந்தது. அதில் எழுதப்பட்டிருந்த எண் 95. அவர் பெயர் டக்ளஸ் கிளார்க். ரக்பி லீக் என்னும் தொழில்முறை விளையாட்டில் அந்தக் காலத்தின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவர். சான்று பெற்ற பிறகு மேலும் பத்தாண்டுகள் அவர் ஆடினார்.

கோலாரில் 1880-இல் கால் பதித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தோடு கார்ன்வால் சுரங்கத்தாரும் வந்தனர். அவர்களுடன் கிளப்பும் கோல்ஃப் திடலும் வந்தன. ரக்பி லீக் மட்டும் இங்கு வேர் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டம் பிறந்த காரணத்தைத் தங்கவயல்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்வர்.

கூலிக்காகப் பிரிந்த ஆட்டம்

வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்த்தவர்களே ரக்பி ஆடினர். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியைக் கிளப்புகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையை, வசதி படைத்தவர்கள் நடத்திய ரக்பி சங்கம் ஏற்கவில்லை. எனவே 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள், தனியே வடக்கு ஒன்றியத்தை அமைத்தன. இழந்த ஒரு நாள் வேலைக்கு 6 ஷில்லிங் என்பது முதல் ஏற்பாடு. 1898-இல் முழுமையாகச் சம்பளம் தர அனுமதி கிடைத்தபோதும், ஆடுபவருக்கு வேறு ஒரு முறையான வேலை இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். 1906-இல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆகக் குறைந்தது. 1922-இல்தான் அங்கு ரக்பி லீக் என்ற பெயர் வந்தது.

இதில் முன்களத்தவர் ஆறு பேர். ஸ்க்ரம் எனப்படும் நெருக்கத்தில் தோளோடு தோள் பிணைந்து எதிரணியைத் தள்ளுவதும், பந்தோடு வருபவரை மடக்கி வீழ்த்துவதும் இவர்கள் வேலை. புள்ளி எடுத்துக் கைதட்டல் வாங்குவோர் பெரும்பாலும் பின்களத்தவரே. சுரங்கத்தில் பாறையைத் துளையிட்டவர் பெயர் தங்கக் கட்டியின் மீது பொறிக்கப்படுவதில்லை அல்லவா, ஏறக்குறைய அதே கணக்கு.

கிளார்க் 1891-ஆம் ஆண்டு கம்பர்லாந்து மாவட்டத்தில் கடலோர ஊரான மேரிபோர்ட்டை அடுத்த எலன்பரோவில் பிறந்தார். தந்தை நிலக்கரி வியாபாரி. பள்ளியை விட்டதும் மகனும் அதே வேலையில் இறங்கினார். நாள் முழுதும் மூட்டை சுமந்த தோள்கள் ரக்பிக்கும், அப்பகுதியின் மரபான மல்யுத்தத்துக்கும் பயன்பட்டன. கம்பர்லாந்து மல்யுத்தத்தில் இருவரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்பர். பிடியை விட்டவர் தோற்றவர். பிடியை விடாத இந்தப் பழக்கம் ரக்பித் திடலிலும் அவரிடம் இருந்தது.

1909-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஹரால்டு வாக்ஸ்டாஃப் தலைமையில் அந்த அணி அக்காலத்தில் கிட்டத்தட்ட வெல்ல முடியாததாக இருந்தது. 1914-15 பருவத்தில் சாம்பியன்ஷிப், சேலஞ்ச் கோப்பை, யார்க்ஷயர் கோப்பை, யார்க்ஷயர் லீக் ஆகிய நான்கையும் வென்றது. சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் செயின்ட் ஹெலன்ஸ் அணியை 37-3 என்ற கணக்கில் வீழ்த்தியது. ஒரே பருவத்தில் நான்கு கோப்பைகளையும் வென்றவை வரலாற்றில் மூன்றே அணிகள்.

சிட்னி, 1914 ஜூலை 4

எனினும் கிளார்க் பெயர் நிலைத்தது அதற்கு முந்தைய ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆட்டத்தால். பிரிட்டிஷ் அணி எட்டு நாள்களுக்குள் மூன்று டெஸ்ட் ஆட வேண்டியிருந்தது. முதல் டெஸ்டில் பிரிட்டனும் இரண்டாவதில் ஆஸ்திரேலியாவும் வென்றன. பிரிட்டிஷ் வீரர்களில் பலர் காயத்தோடு இருந்ததால் மூன்றாவது டெஸ்டின் தேதியை அணி நிர்வாகம் எதிர்த்தது. ஆடியே தீர வேண்டும் என்று தாயகத்திலிருந்து தந்தி வந்தது. வீரர்களின் உடல்நிலையைத் தந்தி கொடுத்தவர்கள் நேரில் பார்த்திருக்கவில்லை.

சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் கிளார்க்கின் கட்டைவிரல் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் ஆடினார். பிறகு மோதலில் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அதையும் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார், கை அசையவில்லை. கண்ணீரோடு வெளியேறினார். காயமுற்றவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க அன்று விதி இல்லை. வேறு சிலரும் காயமடைய, ஒரு கட்டத்தில் பிரிட்டன் பத்துப் பேரோடு ஆடியது. ஆனாலும் 14-6 என வென்றது. பெரும்படையை எதிர்த்துச் சிறு காவற்படை தாக்குப்பிடித்த 1879-ஆம் ஆண்டுப் போரின் நினைவாக, அந்த ஆட்டத்துக்கு ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட் என்ற பெயர் வந்தது.

ஒரு மாதத்தில் ஐரோப்பாவில் உண்மையான போரே மூண்டது. கிளார்க் ராணுவச் சேவைப் படையின் மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்தார். வாக்ஸ்டாஃப் உள்ளிட்ட கிளப் தோழர்களும் அங்கேயே இருந்தனர். கூலி வாங்கி ஆடியவர்களைத் தீண்டாதவர்போல் ஒதுக்கிய பழைய ரக்பி சங்கம், ராணுவ அணிகளில் மட்டும் அவர்களை ஆட அனுமதித்தது. வேடிக்கை என்னவெனில், க்ரோவ் பார்க் முகாமில் இவர்கள் ஆடிய அணி பழைய ரக்பியிலும் பெரும்பாலும் வென்றுகொண்டே இருந்தது.

பின்னர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் லாரி ஓட்டினார். பீரங்கிகளுக்குக் குண்டு கொண்டு செல்லும் பணி அது. அந்நாள்களில் அவர் நாள்குறிப்பும் எழுதிவந்தார். 1917-இல் பாஷெண்டேல் போர்முனையில் காயமுற்றார், நச்சுவாயுவும் தாக்கியது. துணிவுக்காக மிலிட்டரி மெடல் வழங்கப்பட்டது. கூடவே அந்த 95 விழுக்காட்டுச் சான்றும் வந்தது.

மருத்துவர்கள் தவறாக எழுதினார்கள் என்று சொல்லிவிட முடியாது. நச்சுவாயு பட்ட பலர் அதற்குப் பின் மாடிப்படி ஏறவே திணறினர். கிளார்க்கின் உடல் எப்படி மீண்டது என்பதற்கு மன உறுதி என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. தங்கவயலில் சான்றோடு வீடு திரும்பியவர்களுக்கு மன உறுதி குறைவாக இருந்தது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்.

அவர் மீண்டும் பயிற்சியில் இறங்கினார். ஹட்டர்ஸ்ஃபீல்டு அணியிலும் இடம் பிடித்தார். 1919-20 பருவத்தில் அந்த அணி மூன்று கோப்பைகளை வென்று நான்காவதையும் நெருங்கியது. ஆனால் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி நடந்தபோது கிளப்பின் ஐந்து வீரர்கள் பிரிட்டிஷ் அணிக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டனர். கிளார்க் அவர்களில் ஒருவர். அவர்கள் இல்லாத அணி ஹல் அணியிடம் 3-2 என, ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அந்தப் பயணத்தில் ஆஸ்திரேலியாவிடமும் தொடரை இழந்தனர்.

1929 வரை ஹட்டர்ஸ்ஃபீல்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 485. இருபது ஆண்டுகளும் ஒரே கிளப். ரக்பியை விட்ட பின்பும் ஓய்வு கொள்ளவில்லை. 1930-களில் பிரிட்டனில் பரவிய தொழில்முறை மல்யுத்தத்தில், நாற்பதை எட்டும் வயதில் இறங்கினார். சிறுவயதில் கற்ற கம்பர்லாந்துப் பிடிக்கு இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் கூட்டம் கிடைத்தது. பிரிட்டனின் முன்னணிக் கனரக மல்யுத்த வீரராக அறியப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்கும் சென்று மோதினார்.

1951-ஆம் ஆண்டு தமது 59-ஆவது வயதில் கிளார்க் காலமானார். அவர் மறைந்து 54 ஆண்டுகள் கழித்து, 2005-இல் பிரிட்டிஷ் ரக்பி லீக்கின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.